கூலிப்படைக்கு லெட்டர்பேட் வந்த கதை

லண்டன் லாயிட்ஸ் சந்தையில் காப்பீட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தார் ஜிம் ஜான்சன். எந்த ஆபத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். அதற்கு முன் எஸ்.ஏ.எஸ். எனப்படும் பிரிட்டிஷ் சிறப்புப் படையின் பகுதிநேரப் பிரிவு ஒன்றுக்குத் தளபதியாக இருந்தவர். 1963-ல் அவரைத் தேடி வேறொரு வேலை வந்தது.

ஏமனில் முந்தைய ஆண்டு செப்டம்பரில் இமாமின் ஆட்சி கவிழ்ந்து குடியரசு அமைந்திருந்தது. அதற்குத் துணையாக எகிப்தின் நாசர் படைகளை அனுப்பினார். பக்கத்திலிருந்த ஏடன் பிரிட்டனின் கையில் இருந்தது. நாசர் அங்கே காலூன்றுவதை லண்டனால் பொறுக்க முடியவில்லை. ஆனால் 1956-ல் சூயஸில் பட்ட அவமானத்துக்குப் பிறகு வெளிப்படையாகப் படை அனுப்பவும் துணிவில்லை. மலைகளில் பதுங்கிப் போரிட்ட இமாமின் ஆட்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததில் பிரிட்டிஷ் அரசின் கைரேகை இருக்கக் கூடாது. இதுதான் ஜான்சனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

எஸ்.ஏ.எஸ். படையை 1941-ல் தோற்றுவித்த டேவிட் ஸ்டிர்லிங் அப்போது தொலைக்காட்சி நிகழ்ச்சி வியாபாரம் செய்துவந்தார். லண்டன் ஸ்லோன் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்திலிருந்து ஏமன் ஏற்பாடுகள் நடந்தன. ஓய்வுபெற்ற எஸ்.ஏ.எஸ். வீரர்கள் திரட்டப்பட்டார்கள். பணத்தில் பெரும்பகுதி சவூதி அரேபியாவிலிருந்து வந்தது. இஸ்ரேலிய விமானங்கள் இரவில் ஆயுதப் பொதிகளைப் போட்டன. சவூதிப் பணமும் இஸ்ரேலிய விமானமும் ஒரே தரப்புக்கு உதவிய விசித்திரம் அன்று பலருக்குத் தெரியாது. 1964-ல் எகிப்தின் அல்-அஹ்ராம் நாளிதழ் இந்த வீரர்களுக்குப் போன கடிதங்கள் சிலவற்றை அச்சிட்டு அம்பலப்படுத்தியது. ஏமனில் தலையிடாமைதான் எங்கள் கொள்கை என்று பிரிட்டிஷ் அரசு அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல முடிந்ததே, அதுதான் வாங்கிய சரக்கு.

ஸ்டிர்லிங் இதில் ஒரு வியாபாரம் இருப்பதைக் கண்டுகொண்டார். அறுபதுகளின் நடுவில் வாட்ச்கார்டு இன்டர்நேஷனல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பதிவு செய்த இடம், பிரிட்டனின் நேரடிச் சட்டங்களுக்கு எட்டாத சேனல் தீவுகள். புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் அதிபர்களுக்கும் வளைகுடா மன்னர்களுக்கும் மெய்க்காவல் படை உருவாக்கித் தருவது தொழில். ஸ்டிர்லிங் கனவு காண்பவர், கடை நடத்தத் தெரிந்தவர் அல்ல. சில ஆண்டுகளில் ஒதுங்கிவிட்டார். எழுபதுகளின் நடுவில் ஜான்சனும் டேவிட் வாக்கர் முதலிய முன்னாள் அதிகாரிகளும் சேர்ந்து, லண்டன் கென்சிங்டனில் கே.எம்.எஸ். என்ற கம்பெனியை நிறுவினார்கள். கீனி மீனி சர்வீசஸ் என்பதன் சுருக்கம் அது; ரகசிய நடமாட்டத்துக்கு எஸ்.ஏ.எஸ். வட்டாரத்தில் வைத்திருந்த செல்லப்பெயர். ஆபத்தான ஊர்களில் இருந்த பிரிட்டிஷ் தூதர்களுக்குக் காவல் என்று ஆரம்பித்து, ஓமன் சுல்தானின் சிறப்புப் படைக்குப் பயிற்சி என்று வளர்ந்தது.

கூலிக்குப் போரிடுகிறவன் மனித வரலாறு முழுக்க இருந்திருக்கிறான். இவர்கள் புதிதாகச் சேர்த்தது துப்பாக்கியை அல்ல, முகவரியை. கம்பெனிக்கு அலுவலகம் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, லெட்டர்பேட் உண்டு, பில் உண்டு. அரசிடம் கேட்டால் அது தனியார் வர்த்தகம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கை விரிக்கலாம். கம்பெனியிடம் கேட்டால் வாடிக்கையாளரின் ரகசியம் என்று வாய் மூடலாம். வாடிக்கையாளரிடம் கேட்டால் அவர்கள் வெறும் ஆலோசகர்கள் என்று சொல்லிவிடலாம். சுடப்பட்டவனின் குடும்பம் இந்த மூன்று கதவுகளையும் மாறி மாறித் தட்ட வேண்டியதுதான்.

கம்பெனிப் படை நமக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்கப் படையோடு வந்தார். பின்னாளில் மருதநாயகம் என்று நாம் கொண்டாடும் யூசுப் கானும் அந்தப் படையில் இருந்தார். ஹெரானின் ஆட்கள் கோயில் விக்கிரகங்களைக் கொள்ளையடித்தார்கள். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்தார்கள். சென்னைக்குத் திரும்பிய ஹெரானை ராணுவ நீதிமன்றம் விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கியது. முக்கியக் குற்றம், கையூட்டு வாங்கியது. பாளையங்களில் எரிந்த ஊர்களுக்காக யாரும் அவரை விசாரிக்கவில்லை. இருந்தாலும் அன்று ஒரு தெளிவு இருந்தது: படை கம்பெனியுடையது, பழியும் கம்பெனியுடையது. லண்டன் கனவான்கள் கண்டுபிடித்த ஏற்பாட்டில் பழிக்கு மட்டும் உரிமையாளர் கிடையாது.

இந்தத் தொழிலைச் சட்டம் பிடித்திருக்க வேண்டிய ஆண்டு 1976. அங்கோலா உள்நாட்டுப் போருக்கு லண்டனில் அவசரமாக ஆள் பிடித்து அனுப்பினார்கள். அவர்களில் தன்னை ‘கர்னல் காலன்’ என்று அழைத்துக்கொண்ட ஒருவர், தன்னோடு வந்த சொந்தக் கூலிவீரர்களையே வரிசையில் நிறுத்திச் சுட்டுக் கொல்லச் செய்தார். பிடிபட்ட 13 பேரை லுவாண்டாவில் விசாரித்தார்கள். காலன் உட்பட 4 பேருக்கு மரண தண்டனை. 9 பேருக்குச் சிறை. பிரிட்டனில் பெரும் கூச்சல். அரசு டிப்லாக் பிரபுவின் தலைமையில் குழு அமைத்தது. அந்நியப் போரில் சேர்வதைத் தடுக்கும் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது; நடைமுறையில் அது செத்த எழுத்து. வெளிநாட்டில் கூலிக்குப் போரிடுவதை அடியோடு தடை செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது, சாட்சியம் திரட்டவும் முடியாது என்ற தொனியில் குழு அறிக்கை தந்தது. அதோடு விஷயம் முடிந்தது.

அடுத்த ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு வந்த கூடுதல் நெறிமுறையில், 47-ஆவது பிரிவு கூலிவீரன் யார் என்று வரையறுத்தது. ஆறு நிபந்தனைகள், ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். போரிடுவதற்கென்றே அமர்த்தப்பட்டிருக்க வேண்டும், நேரடியாகச் சண்டையில் இறங்கியிருக்க வேண்டும், அதே தரத்துப் படைவீரனைவிட மிக அதிகமான ஊதியத்துக்காக வந்திருக்க வேண்டும், போரிடும் நாடுகளில் எதற்கும் குடிமகனாக இருக்கக் கூடாது, அவற்றின் படைகளில் உறுப்பினராக இருக்கக் கூடாது, வேறு நாடு தன் அலுவலாக அனுப்பியவனாகவும் இருக்கக் கூடாது. பயிற்சியாளன் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் முதல் நிபந்தனை உதிர்ந்துவிடும். உள்ளூர்ப் படையில் ஒரு பதவி கொடுத்துவிட்டால் ஐந்தாவது போயிற்று. அமெரிக்கா நடத்தும் போருக்கு வந்த அமெரிக்கன் என்றால் நான்காவது. இவ்வளவு பெரிய ஓட்டைகள் உள்ள வலையில் அகப்படுகிறவன் காலனைப் போன்ற அரைவேக்காடாகத்தான் இருப்பான். வக்கீல் வைத்திருக்கும் கம்பெனி ஒருபோதும் அகப்படாது.

கே.எம்.எஸ். அகப்படவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனே அரசு பிரிட்டனிடம் ராணுவ உதவி கேட்டது. எஸ்.ஏ.எஸ். படையை அனுப்பினால் இந்தியா முறைத்துக்கொள்ளும் என்று லண்டன் தயங்கியது. அந்த இடத்துக்குக் கம்பெனி வந்தது. 1984 முதல் கே.எம்.எஸ். ஆட்கள் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தவில் முகாம். பெயரளவில் அந்தப் படை போலீஸ். பயிற்சியிலும் ஆயுதத்திலும் ராணுவக் கமாண்டோ. அந்தப் பச்சைச் சீருடை கிழக்கில் ஏற்படுத்திய கிலியை மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

பயிற்சி மட்டும் என்றால் அதற்காவது ஒரு சமாதானம் சொல்லலாம். இலங்கை விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானிகள் போதவில்லை. கே.எம்.எஸ். விமானிகள் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். பிறகு துணை விமானியாக உட்கார்ந்தார்கள். பிறகு போர்ப் பறப்புகளிலேயே ஓட்டினார்கள். பெல் ரக ஹெலிகாப்டரின் பக்கவாட்டுக் கதவில் இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர் இலங்கைச் சிப்பாய், ஓட்டுகிறவர் பிரிட்டிஷ்காரர். விசையை அழுத்தியது நானில்லை என்று அவர் சொல்லலாம். அந்த உயரத்தில், அந்தக் கோணத்தில், அந்த ஊருக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தியது யார்? அவர்களில் ஒருவரான டிம் ஸ்மித், தயக்கத்தோடு கூலிவீரனானவன் என்று பொருள்படும் தலைப்பில் பின்னாளில் நினைவுக்குறிப்பு நூலே எழுதினார். கொழும்பில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்கு இந்தப் பறப்புகள் தெரியும் என்பது, காப்பகத்தில் பின்னர் திறக்கப்பட்ட கோப்புகளில் இருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு இந்தப் பிரச்சினையை லண்டனிடம் எழுப்பியது. கிடைத்த பதில் ஏமன் காலத்துப் பதில்தான்: தனியார் கம்பெனி, அரசுக்குச் சம்பந்தமில்லை.

1985 அக்டோபரில் கிளிநொச்சி மாவட்டத்துப் பிரமந்தனாற்றில் ராணுவம் ஹெலிகாப்டர்களில் வந்திறங்கி ஊரைச் சுற்றிவளைத்துக் கொன்றது. உயிர் பிழைத்தவர்கள், வந்தவர்களில் வெள்ளைக்காரர் ஒருவரைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். 1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைக்கு அருகே மகிழடித்தீவு இறால் பண்ணையில், விசேட அதிரடிப்படை தொழிலாளர்களையும் ஊராரையும் பிடித்துக் கொன்றது. செத்தவர்கள் 80-க்கு மேல் என்று ஊர்மக்களின் கணக்கு. அந்த இடத்தில் கே.எம்.எஸ். ஆள் நின்றான் என்பதற்குச் சான்றில்லை. அந்தப் படையை மூன்று ஆண்டுகளாக வளர்த்தது அந்தக் கம்பெனி என்பதற்குச் சான்று வேண்டியதே இல்லை. கொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் ஒப்பந்தம் தொடர்ந்தது. மனம் பொறுக்காமல் வேலையை விட்டுப் போன முன்னாள் எஸ்.ஏ.எஸ். வீரர் ஒருவரும் இருந்தார், கம்பெனி போகவில்லை. அதே 1987-ல் வாஷிங்டனில் ஈரான்-கான்ட்ரா விசாரணையில் சாட்சி சொன்ன முன்னாள் வெள்ளை மாளிகை அதிகாரி ஆலிவர் நார்த், நிகரகுவாவில் நடந்த ஒரு குண்டுவெடிப்புத் தொடர்பாக டேவிட் வாக்கரின் பெயரைச் சொன்னார். உலகத்தின் காதில் விழுந்தது. லண்டனில் ஒரு வழக்கும் வரவில்லை.

1989 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை கூலிப்படைக்கு எதிரான தனி உடன்படிக்கையை ஏற்றது. நடைமுறைக்கு வரத் தேவையான நாடுகள் சேர 2001 ஆயிற்று. அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் சீனாவும் இன்றுவரை சேரவில்லை. உடன்படிக்கை பிறந்த அதே 1989-ல்தான் தென்னாப்பிரிக்காவில் ஈபன் பார்லோ எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். நிறவெறி ஆட்சியின் படைகளில் இருந்தவர்கள் வேலையிழந்து நின்ற நேரம். இவர்கள் காவல் வேலை, பயிற்சி என்ற பூச்செல்லாம் பூசவில்லை. போரையே குத்தகைக்கு எடுத்தார்கள். முதலில் அங்கோலா, 1995-ல் சியரா லியோன். தலைநகர் ஃப்ரீடவுனை நெருங்கிக்கொண்டிருந்த, கைகளை வெட்டிப் பேர்போன கிளர்ச்சிப் படையை விரட்டி வைரச் சுரங்கப் பகுதிகளை மீட்டார்கள். நியாயமாகச் சொன்னால், அன்று பல ஆயிரம் பேர் பிழைத்தார்கள். 1997 தொடக்கத்தில் கம்பெனி போனது. சில மாதங்களில் ராணுவப் புரட்சி வந்தது. பிழைப்பைக் குத்தகைக்கு விட்ட அரசுக்குக் குத்தகை முடிந்த நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே 1997-ல் பப்புவா நியூ கினி அரசு பூகன்வில் தீவின் செப்புச் சுரங்கத்தை மீட்க சாண்ட்லைன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியை 3.6 கோடி டாலருக்கு அமர்த்தியபோது, அந்நாட்டு ராணுவமே வந்தவர்களைக் கைது செய்து திருப்பி அனுப்பியது. பிரதமர் பதவி விலகி நிற்க வேண்டியதாயிற்று. சாண்ட்லைன் தலைவர் டிம் ஸ்பைசர் ஏழே ஆண்டுகளில் ஏஜிஸ் என்ற புதிய கம்பெனியோடு வந்து, ஈராக்கில் அமெரிக்க ராணுவத்திடம் 29.3 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். இந்தத் தொழிலில் தோல்விக்கு ஆயுள் குறைவு.

ஈராக்கில்தான் அதுவரை கைவிரிப்பாக இருந்தது சட்டமாக எழுதப்பட்டது. 2003 ஜூனில் அமெரிக்காவின் ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் 17-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். 2004 ஜூன் 27 அன்று அதைத் திருத்தி விரித்துக் கையெழுத்திட்டார். மறுநாள் ஜூன் 28-ல் ஈராக்கியர்களிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். ஒப்பந்தக் கம்பெனிகளும் அவற்றின் வெளிநாட்டு ஆட்களும் ஒப்பந்த வேலையின்போது செய்யும் எதற்கும் ஈராக் நீதிமன்றங்களில் வழக்கு கிடையாது என்பது அதன் சாரம். வீட்டைக் காலி செய்கிறவர், புது வீட்டுக்காரர் வரும் முன்பே ஓர் அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனது போல.

பிரெமருக்குக் காவல் நின்ற கம்பெனி பிளாக்வாட்டர். கடற்படைக் கமாண்டோவாக இருந்த எரிக் பிரின்ஸ், வட கரோலினாவின் சதுப்புநிலத்தில் தொடங்கிய துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் அது. போட்டி டெண்டர் இல்லாமல் கிடைத்த பிரெமர் காவலில் இருந்து, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பெரிய ஒப்பந்தக்காரராக உயர்ந்தது. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வெளியிட்ட கணக்குப்படி, ஒரு காவலருக்கு ஒரு நாளைக்கு அந்தக் கம்பெனி போட்ட பில் 1,222 டாலர். ராணுவத்தில் அதே தரத்துச் சார்ஜென்ட்டுக்கு 200 டாலர்கூட ஆகாது. 2005 முதல் 195 துப்பாக்கிச் சூடுகள். அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் முதலில் சுட்டது கம்பெனி ஆட்கள்தான்.

அந்த அறிக்கையில் ஒரு சம்பவம் உண்டு. 2006 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பாக்தாத்தில் பலத்த காவலுள்ள பசுமை வலயத்துக்குள், குடிபோதையில் இருந்த பிளாக்வாட்டர் ஆள் ஒருவர் ஈராக் துணை அதிபரின் மெய்க்காவலரைச் சுட்டுக் கொன்றார். 36 மணி நேரத்துக்குள் வெளியுறவுத் துறையின் அனுமதியோடு அவர் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். குடும்பத்துக்கு என்ன கொடுப்பது என்று மின்னஞ்சல்கள் ஓடின. தூதரகப் பொறுப்பாளர் இரண்டரை லட்சம் டாலர் என்றார். அவ்வளவு கொடுத்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கட்டும் என்று ஈராக்கியர்கள் வேண்டுமென்றே சாக வருவார்கள் என்று பாதுகாப்புப் பிரிவு அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். 15,000 டாலரில் முடித்தார்கள். சுட்டவர் சில வாரங்களில் குவைத்தில் இன்னொரு ஒப்பந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த செப்டம்பர் 16. பாக்தாத் நிசூர் சதுக்கம், நண்பகல். பிளாக்வாட்டரின் நான்கு கவச வண்டிகள் போக்குவரத்தை மறித்து நின்றன. வெள்ளை நிறக் கியா கார் ஒன்று மெதுவாக வந்தது. அதில் ஒரு மருத்துவ மாணவரும் மருத்துவரான அவருடைய தாயும். முதல் குண்டில் மகன் போனார், பிறகு தாய், பிறகு சுற்றிலும் எல்லாத் திசையிலும் இயந்திரத் துப்பாக்கியும் கையெறிகுண்டுச் சுடுகருவியும் வெடித்தன. முதுகு காட்டி ஓடியவர்கள் மேலும் குண்டு பாய்ந்தது. தந்தை ஓட்டிய காரின் பின்னிருக்கையில் இருந்த 9 வயதுச் சிறுவனும் செத்தவர்களில் ஒருவன். ஈராக் கணக்கில் இறந்தவர்கள் 17. எஃப்.பி.ஐ. விசாரித்து, 14 கொலைகளுக்கு எந்த நியாயமும் இல்லை என்றது.

அன்று அமெரிக்கத் தூதரக லெட்டர்பேடில் ஒரு முதல் அறிக்கை போனது: வண்டித் தொடரை ஆயுததாரிகள் தாக்கினார்கள் என்று. அதை எழுதியவரே பிளாக்வாட்டர் ஒப்பந்த ஊழியர் என்று பின்னர் செய்தி வந்தது. ஈராக் அரசு கம்பெனியை வெளியேறச் சொன்னது. சில நாட்களில் வண்டிகள் திரும்ப ஓடின. இருக்கிற சட்டமும் கோணலாக இருந்தது. 2000-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம், வெளிநாட்டில் குற்றம் செய்யும் பாதுகாப்புத் துறை ஒப்பந்த ஊழியர்களை அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும். இவர்களோ வெளியுறவுத் துறை ஆட்கள். 2004-ல் வந்த திருத்தம், பாதுகாப்புத் துறையின் பணிக்கு உதவும் மற்றத் துறை ஊழியர்களையும் சேர்த்தது. தூதரைக் காவல் காப்பது அந்தப் பணிக்கு உதவுவதா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அதோடு, சம்பவத்துக்குப் பின் வெளியுறவுத் துறை வாக்குமூலம் வாங்கியபோது, இவற்றை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. அந்த வாக்குமூலங்கள் வழக்கைக் கறைப்படுத்திவிட்டன என்று நீதிபதி ரிக்கார்டோ உர்பினா 2009 டிசம்பர் 31-ல் வழக்கைத் தள்ளினார்.

2011-ல் மேல்முறையீட்டில் வழக்கு உயிர் பெற்றது. 2014-ல் விசாரணை நடந்தபோது ஏறத்தாழ 30 ஈராக்கியர்கள் வாஷிங்டனுக்குப் பறந்துபோய்ச் சாட்சிக் கூண்டில் நின்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் விசாரணைக்கு நின்ற பிளாக்வாட்டர் ஆட்கள் நால்வரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு ஆயுள், மூவருக்குத் தலா 30 ஆண்டு. பிறகு தண்டனைக் குறைப்பு, மறுவிசாரணை, மறுபடி ஆயுள் என்று இழுத்தது. 2020 டிசம்பர் 22-ல் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். கம்பெனி அதற்குள் பெயரை இரண்டு முறை மாற்றிக்கொண்டு, வேறொன்றோடு இணைந்தும் விட்டிருந்தது.

ஈராக்கில் 2008-ல் அமெரிக்கப் படையினருக்கு ஏறத்தாழச் சமமாக ஒப்பந்த ஊழியர்களும் இருந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். சமைத்தார்கள், துணி வெளுத்தார்கள், லாரி ஓட்டினார்கள். நம் பக்கத்து நாடுகளின் ஏழைகள் இவர்களில் நிறைய. ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று நம்பிக் கிளம்பிய 12 நேபாளிகள், துணை ஒப்பந்தக்காரர்கள் வழியாக ஈராக் ராணுவத் தளத்துக்கு அனுப்பப்பட்டு, வழியில் கடத்தப்பட்டு 2004 ஆகஸ்டில் கொல்லப்பட்டார்கள். முதன்மை ஒப்பந்தக்காரரான கே.பி.ஆர். மீது குடும்பங்கள் அமெரிக்காவில் போட்ட வழக்கு தள்ளுபடியாயிற்று. இந்த ஏணியில் லாபம் மேலே ஏறும். பொறுப்பு கீழே இறங்கிக்கொண்டே போய் ஒரு தரகரோடு காணாமல் போகும்.

நிசூர் சதுக்கம் நடந்து ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 2008 செப்டம்பர் 17-ல், ஸ்விட்சர்லாந்தும் செஞ்சிலுவைச் சங்கமும் முன்னின்று 17 நாடுகள் மான்ட்ரோ ஆவணத்தை ஏற்றன. புதிய சட்டம் எதையும் அது உண்டாக்கவில்லை. ஆள் எடுக்கும் நாடு, கம்பெனியின் தாய்நாடு, வேலை நடக்கும் நாடு மூன்றுக்கும் ஏற்கெனவே உள்ள கடமைகளை ஒரே இடத்தில் எழுதிவைத்தது. கையெழுத்துப் போட்ட யாரையும் அது கட்டுப்படுத்தாது. வேண்டாத காகிதம் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல இடம் இல்லை என்றாவது எழுத்தில் வந்ததே.

ரஷ்யா அந்தப் பக்கமே போகவில்லை. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் கூலிப்படை குற்றம். எனவே 2014 முதல் உக்ரைன், சிரியா, ஆப்பிரிக்கா என்று போரிட்ட வாக்னர் குழு சட்டப்படி இல்லவே இல்லை. அதோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு என்று சொன்ன பத்திரிகையாளர் மீது ரஷ்யத் தொழிலதிபர் யெவ்கெனி பிரிகோஷின் லண்டன் நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 2022 செப்டம்பரில், ஆமாம் நான்தான் தொடங்கினேன் என்றார். 2023 ஜூனில் அந்தப் படை மாஸ்கோவை நோக்கித் திரும்பிய பிறகு, ஓராண்டில் மட்டும் 8,600 கோடி ரூபிளுக்கு மேல் அரசுதான் செலவழித்தது என்று புதினே சொன்னார். லண்டன் பாணிக்கும் மாஸ்கோ பாணிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் லெட்டர்பேட் ஒன்றுதான்.

கம்பெனியையே நீதிமன்றத்தில் நிறுத்தி ஜெயித்த வழக்கும் ஒன்று உண்டு. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க ராணுவத்துக்கு சி.ஏ.சி.ஐ. கம்பெனி விசாரணையாளர்களை அளித்தது. கைதிகளை விசாரிக்கும் இந்த வேலை, அமெரிக்க உள்துறை அமைச்சகம் நிர்வகித்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் ஒன்றின் வழியாக வாங்கப்பட்டது. கணினிச் சேவை என்ற தலைப்பில் விசாரணை அறை! அங்கே வதைபட்ட மூன்று ஈராக்கியர்கள் 2008-ல் தொடுத்த வழக்கை கம்பெனி இருபது முறை தள்ளச் சொல்லிப் பார்த்தது என்றாலும் மிகையில்லை. 2024 நவம்பரில் ஜூரி 4.2 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்கின் பலம், அந்த மூவரும் தங்களுக்கு நேர்ந்ததை விடாமல் சொன்னதுதான்.

கே.எம்.எஸ். விஷயத்துக்கு வருவோம். பத்திரிகையாளர் ஃபில் மில்லர் காப்பகங்களைத் தோண்டி 2020-ல் நூல் வெளியிட்டார். 1978 முதல் 1980 வரையிலான இலங்கைக் கோப்புகள் ஏறத்தாழ 200-ஐ பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அழித்துவிட்டதும் அவர் கேட்டுத்தான் வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பரில், லண்டன் பெருநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு கே.எம்.எஸ். ஆட்களைப் பற்றி விசாரணை தொடங்கியிருப்பது தெரியவந்தது. ஜிம் ஜான்சன் 2008-லேயே இறந்துவிட்டார். கோப்பை அழிக்கலாம், பார்த்தவர்கள் மிச்சமிருக்கிறார்கள். பிரமந்தனாற்றிலும் கிழக்கின் ஊர்களிலும் 1984-க்கும் 1987-க்கும் இடையே ஹெலிகாப்டர் வந்த நாளை நினைவு வைத்திருப்பவர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். பலர் கனடாவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தேதி, இடம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது என்று பிரித்து, அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.